ஐட்லிங்கில் திணறும் பழைய இன்ஜின்

(முன்னாள் மாணவர் சந்திப்பின் தொழில்நுட்ப அமர்வில் ஆற்றிய உரை)

 

நான் 2010-ல் இங்கே மெக்கானிக்கல் முடித்தவன். இன்ஜின் சோதனைப் பிரிவு ஒன்றில் வேலை பார்க்கிறேன். விழாக் குழுவினர் என்னை மின்சார வாகனங்கள் பற்றிப் பேசச் சொன்னார்கள். அந்த விஷயத்தில் என்னைவிடக் கரை கண்டவர்கள் இந்த அரங்கிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். அதனால் நானே கேட்டு வாங்கிக்கொண்ட தலைப்பு இது. ஒரு பழைய கார். ஓடும்போது நன்றாக ஓடுகிறது. சிக்னலில் நின்றால் குலுங்குகிறது, திணறுகிறது, சில சமயம் நின்றே போகிறது. ஏன்? எப்படிக் கண்டுபிடிப்பது?

"இது மெக்கானிக் ஷெட் சமாசாரமாச்சே, இதற்கு எதற்கு மைக்?" என்று சிலர் நினைக்கலாம். மூன்றாம் வருடத்தில் படித்த தெர்மோடைனமிக்ஸ், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் இரண்டுக்கும் நான் பார்த்த மிக நல்ல பரீட்சை இந்தக் குலுங்கும் இன்ஜின்தான். அதோடு, தவறாகக் கணித்தால் அடுத்தவர் பணம் போகும். ஆகவே கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

சீனியரின் அம்பாசடர்

ஒரு நிஜமான வண்டியை வைத்தே பேசுகிறேன். நம் கல்லூரியின் 1975-ம் வருட பேட்ச் சீனியர் ஒருவர் கோவையில் இருக்கிறார். பெயர் வேண்டாம், விஷயத்தைத் தாராளமாகச் சொல்லலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறார். அவரிடம் இருப்பது 1984 மாடல் அம்பாசடர், பெட்ரோல் வண்டி. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸ் வழியில் வந்த அந்தக் காரின் உற்பத்தி உத்தரபாராவில் 2014 மே மாதம் நின்றது. ஆனால் ஓடுகிற வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. உள்ளே இருப்பது பி.எம்.சி. 'பி' சீரிஸ் இன்ஜின், 1489 சி.சி., நாலு சிலிண்டர், சுடும் வரிசை 1-3-4-2.

2024-ல் அவர் எனக்குப் போன் செய்தார். "தம்பி, ரோட்டுல போனா ராஜா மாதிரி போகுதுங்க. அவிநாசி ரோடு சிக்னல்ல நின்னா உசுரை விட்டுடுதுங்க" என்றார்.

வீட்டில் அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். அந்த அம்மாவுக்கு முட்டி மடங்காது. தாழ்வான கார்களில் குனிந்து ஏறி இறங்குவது பெரும் பாடு. அம்பாசடரின் சீட் நாற்காலி உயரம். பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே எடுத்துக்கொண்டால் போதும். ஒரு நாள் சிகிச்சை முடிந்து திரும்பும்போது பாலத்தின் ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டது. உச்சி வெயில். பின்சீட்டில் மயக்கமாக அம்மா. எழுபது வயதைத் தாண்டிய இவர் பானெட்டைத் திறந்துகொண்டு நிற்கிறார். அன்றைக்கே பிள்ளைகள் "வித்துடுங்கப்பா" என்று சொல்லிவிட்டார்கள்.

அதற்கு முன் வண்டி ஒரு ஒர்க்ஷாப்புக்குப் போய் வந்திருந்தது. பிளக், பாயிண்ட், கண்டன்சர், காயில், கடைசியில் கார்புரேட்டர் என்று வரிசையாக மாற்றியதில் 11,000 ரூபாய் செலவு. குலுங்கல் அப்படியே இருந்தது. "இன்ஜின் தேய்ஞ்சு போச்சுங்க, போர் பண்ணி பிஸ்டன் மாத்தணும், 65,000 ஆகும்" என்று முடித்துவிட்டார்கள். புகைச் சோதனையிலும் வண்டி தேறவில்லை. ஆர்.சி. புதுப்பிக்கும் தேதியோ நெருங்கிக்கொண்டிருந்தது.

ஐட்லிங் என்றால் என்ன நடக்கிறது?

ஐட்லிங்கில் இன்ஜின் யாருக்கும் வேலை செய்வதில்லை. தன் உராய்வைச் சமாளித்துத் தானே சுற்றிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். 700 ஆர்.பி.எம். என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை சுடும். ஆக, ஒரு சிலிண்டருக்கு நிமிடத்துக்கு 350 முறை. நாலுக்கும் சேர்த்து 1400 முறை. ஒரு சிலிண்டர் விட்டுப்போனால் நொடிக்கு ஆறு முறை இன்ஜின் நொண்டும். கியர் லீவர் ஆடுவதும், டேஷ்போர்டு சலசலப்பதும் அந்த நொண்டல்தான்.

த்ராட்டில் அப்போது கிட்டத்தட்ட மூடியிருக்கும். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 30 அங்குல பாதரசம். நல்ல இன்ஜினில் ஐட்லிங் வாக்யூம் 17 முதல் 21 அங்குலம் காட்டும். 20 என்று எடுத்துக்கொண்டால் மேனிஃபோல்டுக்குள் மிச்சம் இருப்பது 10 அங்குலம், அதாவது மூன்றில் ஒரு பங்கு அழுத்தம். அந்தக் கொஞ்சம் காற்றுக்குக் கொஞ்சம் பெட்ரோல். இரண்டும் சொற்பமாக இருப்பதால் சின்னக் குறைகூடப் பெரிதாகத் தெரியும்.

இங்கே மாணவர்கள் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் நோட்டைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரு துவாரத்தின் வெளியே ஒரு அட்மாஸ்ஃபியர், உள்ளே அதில் சுமார் பாதிக்கும் குறைவு என்றால், காற்று ஒலி வேகத்தில் உள்ளே பாயும். அதற்குமேல் உள்ளழுத்தம் எவ்வளவு குறைந்தாலும் அளவு கூடாது. அதாவது, மேனிஃபோல்டில் ஒரு கசிவு இருந்தால், ஐட்லிங்கில் அது உச்ச அளவு காற்றை உள்ளே விட்டுக்கொண்டிருக்கிறது. இன்ஜின் இழுக்கும் மொத்தக் காற்றோ அந்த நேரத்தில் மிகக் குறைவு. விகிதாசாரத்தில் பார்த்தால் கசிவு பெரும் பங்கு. ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் மொத்தக் காற்று பல மடங்கு கூடுகிறது, வாக்யூமும் இறங்கிவிடுகிறது; கசிவு கணக்கிலேயே வராமல் போகிறது. "ரோட்டில் ராஜா, சிக்னலில் சவம்" என்பதற்கு இதுதான் விளக்கம். சீனியர் போனில் சொன்ன அந்த ஒரே வாக்கியத்திலேயே பாதி நோய் தெரிந்துவிட்டது.

இன்னொரு பக்கமும் யோசியுங்கள். பிஸ்டனும் ரிங்கும் தேய்ந்த வண்டி ஏற்றத்தில் இழுக்காது, எண்ணெய் குடிக்கும், நீலப் புகை விடும். இந்த வண்டி எண்ணெய் குடிக்கவில்லை. பாலக்காடு ரோட்டில் நாலு பேரை ஏற்றிக்கொண்டு நன்றாக இழுத்தது. அப்படியிருக்க "போர் பண்ணணும்" என்ற தீர்ப்பு எங்கிருந்து வந்தது? ஒரு கம்ப்ரஷன் கேஜ்கூட வைத்துப் பார்க்காமல் வந்தது.

ஸ்பேனரை எடுக்கும் முன்

முதலில் நாலு கேள்விகள். ஒன்று, குளிர்ந்த இன்ஜினிலா, சூடான பிறகா? இரண்டு, நொண்டல் தாளம் தவறாமல் வருகிறதா, தாறுமாறாக வருகிறதா? தாளத்தோடு வந்தால் ஒரு குறிப்பிட்ட சிலிண்டரைச் சந்தேகிக்கலாம். தாறுமாறாக வந்தால் கலவையை அல்லது கரண்டைச் சந்தேகிக்கலாம். மூன்று, சோக்கைக் கொஞ்சம் இழுத்தால் சரியாகிறதா, மோசமாகிறதா? சரியானால் கலவை லீன், மோசமானால் ரிச். நான்கு, தொந்தரவு தொடங்குவதற்குச் சற்று முன் வண்டியில் என்ன வேலை நடந்தது? இந்த நாலாவது கேள்வியை யாரும் கேட்பதில்லை.

நம் சீனியரின் பதில்கள்: சூடான பிறகும் உண்டு. தாளம் பாதி இருக்கிறது, பாதி இல்லை. சோக்கைக் கால்வாசி இழுத்தால் நன்றாக நிற்கிறது. கடைசிக் கேள்விக்குக் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு விரிசல் விட்டுதுன்னு, உக்கடத்துல பழசு ஒண்ணு வாங்கிப் போட்டோமுங்க. அதுக்கு அப்புறந்தான்னு இப்பத் தோணுதுங்க."

அடுத்து, வரிசை. முதலில் கம்ப்ரஷன், பிறகு கரண்ட், பிறகு காற்றுக் கசிவு, கடைசியில்தான் பெட்ரோல். நம் ஊர் வழக்கம் தலைகீழ். எல்லோரும் முதலில் ஸ்க்ரூடிரைவரோடு கார்புரேட்டரிடம் போவார்கள். அது மேலே, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது, திருப்ப இரண்டு ஸ்க்ரூவும் இருக்கிறது. ஆனால் கம்ப்ரஷன் சரியில்லாத சிலிண்டரை எந்த ஸ்க்ரூவும் சரிசெய்யாது. பாயிண்ட் கேப் தப்பாக இருக்கும்போது கலவையைத் திருப்பினால் இரண்டாவதாக ஒரு கோளாறு சேரும்.

முதல் படி: கம்ப்ரஷன்

கம்ப்ரஷனுக்கு முன் டாப்பெட். இந்த இன்ஜினுக்கு வால்வ் இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மி.மீ. ஃபீலர் கேஜ் இலேசான பிடிப்போடு நகர வேண்டும். இடைவெளி குறைந்துவிட்டால் வால்வ் முழுதாக மூடாது. ஐட்லிங்கில் அது உடனே தெரியும்.

பழைய வண்டிக்காரர்கள் இதைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000-ம் ஆண்டு பிப்ரவரியோடு நின்றது. அதற்கு முன் வந்த பல இன்ஜின்களில் எக்ஸாஸ்ட் வால்வ் சீட்டுக்கு அந்த ஈயம்தான் மெத்தை. அது இல்லாமல் சூட்டில் ஓட ஓட சீட் தேய்ந்து, வால்வ் உள்ளே அமுங்கி, இடைவெளி சுருங்கும். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் இடைவெளி குறைந்திருந்தால், கடின சீட் போடும் வேலை வருகிறது என்று அர்த்தம்.

பிறகு கம்ப்ரஷன் கேஜ். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும். நாலு பிளக்கையும் கழற்றி, காயில் இணைப்பை எடுத்துவிட்டு, ஆக்ஸிலேட்டரை முழுதாக மிதித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். நம் அம்பாசடரில் வந்தது 125, 120, 122, 120 பி.எஸ்.ஐ. சிலிண்டருக்குச் சிலிண்டர் 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. இங்கே 5 சதவீதம்கூட இல்லை. குறைவாக வந்திருந்தால் அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயிலை விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வ் அல்லது ஹெட் பேக்கிங். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால், நடுவில் ஹெட் பேக்கிங் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

65,000 ரூபாய் வேலை தேவையில்லை என்பது இந்தப் பதினைந்து நிமிடத்தில் முடிவாகிவிட்டது. சீனியர் அந்த நாலு எண்ணையும் ஒரு துண்டுத் தாளில் எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

இரண்டாம் படி: கரண்ட்

கழற்றிய பிளக்குகளைக் கலந்துவிடாமல், வந்த வரிசையிலேயே துணியில் வைத்துப் பாருங்கள். எனக்குத் தெரிந்து இவ்வளவு மலிவான சோதனைக் கருவி வேறு இல்லை. நல்ல பிளக்கின் முனை இளம் பழுப்பு நிறம். காய்ந்த கரி என்றால் ரிச். வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி இருந்தால் லீன். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங் அல்லது வால்வ் கைடு.

சீனியர் வண்டியில் 1, 2 நல்ல கரி. 3, 4 வெள்ளை. ஒரே கார்புரேட்டர், ஒரே பெட்ரோல். முன்னிரண்டுக்கு ரிச், பின்னிரண்டுக்கு லீன். கார்புரேட்டர் எப்படி ஆள் பார்த்துப் பரிமாறும்? மாணவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் விடை வரும்.

பிளக் கேப் 0.025 அங்குலம். பாயிண்ட் கேப் 0.015 அங்குலம், கேம் முகடு நன்றாகத் தூக்கிய நிலையில் அளக்க வேண்டும். நாலு முகட்டிலும் அளந்து பாருங்கள். முகட்டுக்கு முகடு நல்ல வித்தியாசம் வந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் புஷ் தேய்ந்திருக்கிறது. எத்தனை பாயிண்ட் மாற்றினாலும் பயனில்லை. பாயிண்ட் சீக்கிரமே கருகிக் குழி விழுந்தால் கண்டன்சரைப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் மயிரிழை போலக் கறுப்புக் கோடு இருந்தால் கரண்ட் அங்கே திருட்டு வழியில் போகிறது. இருட்டில் பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டால், கசியும் ஒயர்களில் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

வாக்யூம் அட்வான்ஸ் டயஃப்ரத்தையும் விடாதீர்கள். அதன் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, நாக்கால் அடைத்தால் பிடித்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. டைமிங்கும் கெடும், காற்றும் கசியும்.

இந்த வண்டியில் கரண்ட் பகுதி எல்லாம் புதுசு. நன்றாகவே இருந்தது. அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாம் படி: எந்தச் சிலிண்டர், எங்கே கசிவு?

இன்ஜினை ஓடவிட்டு, ஒவ்வொரு பிளக் ஒயராக இன்சுலேஷன் உள்ள இடுக்கியால் எடுத்து, அதை எர்த்தில் வைத்துப் பாருங்கள். வேலை செய்கிற சிலிண்டரை நிறுத்தினால் ஆர்.பி.எம். சட்டென்று விழும். வேலை செய்யாததை நிறுத்தினால் ஒன்றும் ஆகாது. பாயிண்ட் வைத்த பழைய வண்டிக்கு மட்டும் இந்த வித்தை. எலக்ட்ரானிக் இக்னிஷனும் கேடலிடிக் கன்வெர்ட்டரும் உள்ள வண்டியில் இப்படிச் செய்தால் பழுது நம் தலையில் விழும்.

1-ஐ எடுத்தேன், இன்ஜின் நிற்கப் பார்த்தது. 2-ம் அப்படியே. 3-ஐ எடுத்தால் இலேசான மாற்றம். 4-ஐ எடுத்தால் மாற்றமே இல்லை.

இப்போது அந்த விடுகதைக்கு விடை. இந்த 'பி' சீரிஸ் ஹெட்டில் நாலு சிலிண்டருக்கும் சேர்த்து இரண்டே இன்லெட் துவாரங்கள். முன் துவாரம் 1, 2-க்கு. பின் துவாரம் 3, 4-க்கு. ஆகவே 3-ம் 4-ம் சேர்ந்து லீன் ஆனால், பின் துவாரத்தின் வாயில் காற்று கசிகிறது. ஒர்க்ஷாப்பில் இன்ஜின் நிற்காமல் இருக்க மிக்சர் ஸ்க்ரூவை நன்றாகத் திறந்து வைத்திருந்தார்கள். அதனால் கசிவில்லாத 1-ம் 2-ம் பெட்ரோலில் குளித்துக் கரி பிடித்தன. கசிவுள்ள பக்கம் அப்போதும் லீன். புகைச் சோதனையில் தோற்றதற்கும் இதுவே காரணம்: ஒரு பக்கம் அதிகப்படி பெட்ரோல், மறுபக்கம் சுடாமல் விட்ட கலவை, இரண்டும் சைலன்சர் வழியே வெளியே போயின.

உறுதி செய்ய எண்ணெய்க் குப்பி போதும். மேனிஃபோல்டு பேக்கிங் ஓரமாகச் சொட்டுச் சொட்டாக இன்ஜின் ஆயில் விட வேண்டும். பின் துவாரத்தருகே விட்டதும் எண்ணெயை உள்ளே உறிஞ்சிக்கொண்டது. சில நொடி இன்ஜின் ஒழுங்காக நின்றது. பெட்ரோலைத் தெளித்துப் பார்க்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். இந்த இன்ஜினில் அதே பக்கம், அதே வரிசையில்தான் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் இருக்கிறது. இன்னொரு எச்சரிக்கை: மூடிய கராஜில் இன்ஜினை ஓடவிட்டு இந்தச் சோதனைகளைச் செய்யாதீர்கள், கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

வாக்யூம் கேஜ் மாட்ட வழியுள்ள வண்டியில் வேலை இன்னும் சுலபம். முள் ஆடாமல் தாழ்ந்து நின்றால் கசிவு அல்லது தாமதமான டைமிங். சீரான இடைவெளியில் சடக்கென்று விழுந்தால் ஒரு வால்வ் அல்லது ஒரு பிளக். மெதுவாக மேலும் கீழும் நீந்தினால் கலவை. ஐட்லிங்கில் படபடவென்று நடுங்கினால் வால்வ் கைடு தேய்மானம். ஊர் உயரத்தையும் கணக்கில் எடுங்கள். 1000 அடிக்குச் சுமார் ஒரு அங்குலம் குறையும். ஊட்டியில் 12, 13 காட்டினால் பதற வேண்டாம்.

ஏன் கசிந்தது?

புது பேக்கிங் போட்டால் தீர்ந்ததா? தீராது. கசிந்த காரணம் தெரியாமல் போட்டால் மூன்று மாதத்தில் திரும்பி வரும். இந்த இன்ஜினில் இன்லெட், எக்ஸாஸ்ட் இரண்டும் ஒரே பக்கம், ஒரே பேக்கிங். இரண்டின் ஃபிளாஞ்சையும் ஒரே தடித்த வாஷர் சேர்த்து அமுக்குகிறது. ஒரு ஃபிளாஞ்ச் தடிமனாகவும் மற்றது மெலிதாகவும் இருந்தால், வாஷர் தடிமனான பக்கம் மட்டும் உட்காரும். நட்டை எவ்வளவு இறுக்கினாலும் மெலிந்த பக்கம் தொங்கிக்கொண்டுதான் இருக்கும்.

உக்கடத்தில் வாங்கிய அந்த எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் ஃபிளாஞ்ச், இருந்த இன்லெட்டைவிடப் பின்பக்கத்தில் அரை மி.மீ.க்கு மேல் தடிமன். கழற்றிய பேக்கிங்கில் பின் துவாரத்தைச் சுற்றி அழுத்தம் பட்ட தடமே இல்லை. நோய் அங்கே உட்கார்ந்திருந்தது.

கணபதியில் ஒரு பட்டறைக்குப் போனோம். எழுபதை நெருங்கும் பட்டறைக்காரர் ஸ்ட்ரெயிட் எட்ஜை வைத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டையும் சேர்த்துப் பூட்டி ஒரே செட்டிங்ல மில்லிங் ஓட்டினாத்தான் முகம் ஒண்ணாகும். தனித்தனியா ஓட்டுனா மறுபடி இதே கதைதான்" என்றார். முகம் சமமானது. வாஷர் உட்காரும் பக்கத்தில் தடிமனும் சமமாக்கினார். புது பேக்கிங், புது நட். மாட்டும்போது இன்லெட்டையும் எக்ஸாஸ்ட்டையும் இணைக்கும் போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, முதலில் ஹெட்டோடு நடுவிலிருந்து ஓரத்துக்கு இறுக்கி, பிறகு அவற்றை இறுக்கினோம். ஒரு முறை சூடேறி ஆறிய பின் மறுபடி ஒரு இறுக்கு. மில்லிங், பேக்கிங், நட் எல்லாம் சேர்ந்து 1,900 ரூபாய்.

கடைசிப் படி: பெட்ரோல்

இப்போதுதான் கார்புரேட்டர் பக்கம் போகலாம். ஐட்லிங்குக்கு வேலை செய்வது ஸ்லோ ஜெட். அதன் துவாரம் ஊசிமுனை அளவு. ஒரு துகள் போதும் அடைக்க. காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள், கம்பியை விடாதீர்கள். பித்தளை துவாரம் பெரிதாகிவிடும். ஃப்ளோட் மட்டம் சரியா, த்ராட்டில் ஷாஃப்ட் ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த ஆட்டமும் ஒரு கசிவுதான்.

பிறகு இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, சோக் முழுதாகத் திறந்திருக்கிறதா என்று பார்த்து, த்ராட்டில் ஸ்க்ரூவால் வேகத்தை வைத்துக்கொண்டு, மிக்சர் ஸ்க்ரூவை மெல்லத் திருப்புங்கள். வேகம் உச்சத்துக்கு வந்து, குறையத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன் நிறுத்துங்கள். மறுபடி த்ராட்டில் ஸ்க்ரூவால் வேகத்தை இறக்குங்கள். இரண்டு மூன்று முறை இப்படி மாறி மாறிச் செய்ய வேண்டும். சோலெக்ஸ் வகையில் மிக்சர் ஸ்க்ரூவை வெளியே எடுத்தால் ரிச். பல மோட்டார் சைக்கிள்களில் இருப்பது ஏர் ஸ்க்ரூ. அங்கே வெளியே எடுத்தால் லீன். எது எதுவென்று தெரிந்துகொண்டு கை வையுங்கள்.

இன்றைய பெட்ரோல் பற்றியும் சொல்லியாக வேண்டும். இ-20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் சில பங்குகளில் வந்தது. 2025-ல் நாடு முழுதும் 20 சதவீதக் கலப்பு நடைமுறைக்கு வந்துவிட்டது. பெட்ரோல் முழுதாக எரிய எடையில் 14.7 மடங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 மடங்கு போதும். இ-20-க்கு ஏறத்தாழ 13.5. புது வண்டியில் ஆக்சிஜன் சென்சார் பார்த்துச் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அது தெரியாது. பழைய ஜெட்டிலேயே ஊற்றும். கலவை 7, 8 சதவீதம் லீன் ஆகும். ஏற்கெனவே லீன் பக்கம் இருந்த வண்டி ஐட்லிங்கில் திணறத் தொடங்கும். அதோடு பழைய ரப்பர் குழாய்களையும் பம்ப் டயஃப்ரத்தையும் எத்தனால் ஊறவைத்துக் கெடுக்கும்; ஈரத்தை இழுக்கும்; நீண்ட நாள் நிற்கும் டேங்கில் தண்ணீர் அடியில் பிரியும். எனவே எத்தனால் தாங்கும் குழாய்களை மாற்றுங்கள், ஃபில்டரை அடிக்கடி பாருங்கள், வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள். கசிவு முழுவதும் அடைந்த பிறகும் லீனாகவே இருந்தால் மட்டும் ஒரு அளவு பெரிய ஜெட்டை யோசியுங்கள்.

"எங்களுடையது எம்.பி.எஃப்.ஐ. வண்டியாச்சே" என்பவர்களுக்கும் இதே சிந்தனைதான். காற்றின் எடையைச் சென்சார் அளக்கும் இன்ஜினில் ஸ்கேனரை மாட்டி ஃபியூயல் ட்ரிம் பாருங்கள். ஐட்லிங்கில் அது பிளஸ் பக்கம் எகிறி, 2500 ஆர்.பி.எம்.மில் சாதாரணமாகிவிட்டால், கணக்கில் வராத காற்று எங்கோ புகுகிறது. அம்பாசடரில் எண்ணெய்க் குப்பி சொன்னதை ஸ்கேனர் எண்ணாகச் சொல்கிறது.

முடிவாக

அம்பாசடர் 700 ஆர்.பி.எம்.மில் நின்றது. பானெட் மேல் வைத்த டம்ளரில் தண்ணீர் சிந்தவில்லை. பி.எஸ்.-2-க்கு முந்தைய பெட்ரோல் கார்களுக்குப் புகை வரம்பு ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1500 பி.பி.எம். இந்த வண்டி காட்டியது 1.8-ம் 620-ம். ஆர்.சி.யும் புதுப்பித்தாயிற்று. வாரம் இரண்டு நாள் அந்த அம்மா அதே சீட்டில்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறார்கள். "இப்ப சிக்னல் எப்ப விழும்னு பயந்துட்டு உக்காந்திருக்கறதில்லீங்க" என்று அந்த அம்மாவே போனில் சொன்னார்கள்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த ஒர்க்ஷாப்பில் போட்ட பொருள் எதுவும் போலி இல்லை. அளக்காமல் மாற்றினார்கள், அளக்காமலே தீர்ப்பும் சொன்னார்கள். நீங்கள் நாளை பாலம் கட்டுவீர்கள், பம்ப் செய்வீர்கள், சாஃப்ட்வேர் எழுதுவீர்கள். உங்கள் வார்த்தையை நம்பி ஒருவர் தன் சேமிப்பை எடுத்து வைக்கப் போகிறார். "இதை மாற்றணும்" என்று சொல்வதற்கு முன், "எதை அளந்து இதைச் சொல்கிறேன்?" என்று ஒரு முறை உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். நம் ஐ.சி. இன்ஜின் லேபில் கம்ப்ரஷன் கேஜ், வாக்யூம் கேஜ், டைமிங் லைட், புகை அனலைசர் ஆகியவற்றை நல்ல நிலையில் வைக்க உதவுவோம். வருடத்துக்கு ஒரு சனிக்கிழமை, ஊரில் உள்ள பழைய வண்டிகளை மாணவர்கள் இலவசமாகச் சோதித்து, அளவுகளைத் தாளில் எழுதிக் கொடுக்கட்டும். ரிப்பேர் செய்ய வேண்டாம். அளந்து எழுதிக் கொடுத்தால் போதும். அந்தத் தாளோடு போகிறவரிடம் எந்த ஒர்க்ஷாப்பிலும் வாய்க்கு வந்ததைச் சொல்ல முடியாது. முதல் வாக்யூம் கேஜ் என் செலவு. மற்றவற்றுக்கு இந்த அரங்கில் கைதூக்குகிறவர்கள், டீ இடைவேளையில் செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம்.